நீலப் புள்ளி வைத்த ப்ளக்

நம் கிதார் பெடல் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் முதல் நாளே என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். சோதனை மேசைக்கு மேலே ஆணியில் ஏன் ஒரு பழைய கருப்பு ப்ளக் தொங்குகிறது? அலங்காரத்துக்கு என்று ஒருவர் நினைத்தாராம். திருஷ்டிக்கு என்று இன்னொருவர். வாயால் சொல்லப் போனால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். இத்தனை வருஷமாகியும் அப்படித்தான். அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு மேசைக்குப் போங்கள்.

நான் கோமதி. செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். டிப்ளமோ முடித்ததும் ஹைதராபாத்தில் ஓர் அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு வழக்கம். சோதிக்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் ஒரு குப்பி அரக்குச் சாயம் தருவார்கள். ஒரு கருவியைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்தபிறகு உள்ளே ஒரு திருகின் தலையில் அந்தச் சாயத்தால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கையெழுத்து வேண்டாம், புள்ளி போதும். என் நிறம் நீலம்.

முதல் வருஷமே ஒரு மீட்டர் பழுதாகித் திரும்பி வந்தது. உள்ளே என் நீலப் புள்ளி. எங்கள் செக்‌ஷன் இன்சார்ஜ் கோயம்புத்தூர்க்காரர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லவில்லை. நாற்பது பேர் முன்னால் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். அசெம்பிளியில் சோல்டர் சரியாக வைக்கவில்லை சார் என்று ஆரம்பித்தேன்.

"சோல்டர் யாரு வெச்சாங்கன்னு நான் கேக்கலீங்க. புள்ளி யாரு வெச்சதுன்னு கேட்டேன்."

அவ்வளவுதான். அன்றைக்கு வெட்கத்தில் மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் பாடம் மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். ஏறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கிதார் பெடலுக்கு நான் வந்தது வேறு வாசல் வழியாக. கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் கிடந்து மிதிபடும், கிதார் சத்தத்தை மாற்றித் தரும் இந்தப் பெட்டிகளை ரிப்பேர் செய்ய அப்போது ஊரில் ஆள் கிடையாது. எங்கள் குவார்ட்டர்ஸில் ஒருவர் ஹோட்டல் பேண்டில் வாசித்தார். அவருடையதைத் திறந்து பார்த்துச் சரி செய்தேன். செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் சமையலறை மேடையில் பெடல்கள் வரிசை கட்ட ஆரம்பித்தன. உங்கள் வயதில் இணையத்தைப் பார்த்து எந்த பெடல் மோஸ்தர் என்று சொல்கிறீர்கள். எனக்கு என் மேடையைப் பார்த்தால் போதும். எழுபதுகளில் வா-வா பெடல்தான், எல்லாம் அழும். அடுத்து ஃபேஸர், எல்லாம் சுழலும். ஒரு சமயம் எக்கோ. ஒரு பையன் ஏழு பெடலைப் பலகையில் ஆணி அடித்து, மணையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான். வாசித்தது என்னவோ நாலு சுரம்.

எண்பதுகளில் ஒரு நாள் எல்லாம் தலைகீழானது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த கேசட்டுகள், காப்பிக்குக் காப்பி எடுத்து, ஊருக்குள் சுற்றின. பங்க் என்றார்கள். கிதாரில் மூன்றே கார்டு, ஒரே வேகம், தொண்டை கிழியும் கத்தல். அந்தப் பிள்ளைகளுக்கு ஏழு பெடல்காரன் என்றாலே இளக்காரம். ஒரே ஒரு பெட்டி, அதுவும் ஃபஸ். சத்தத்தைப் பொடிப்பொடியாக நொறுக்குகிற பெட்டி. அதற்கு மேல் வைத்திருந்தால் நீ ஆடம்பரக்காரன்.

அப்படி வந்தவள்தான் ஸ்டெல்லா. திருமுல்கேரியில் ராணுவப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த மதுரைக்காரரின் மகள். இருபத்தொரு வயது, டைப்பிஸ்ட். தலைமுடியைத் தானே கத்தரித்திருந்தாள், எலி கடித்த மாதிரி இருந்தது. அவள் பாடிக் கிதார் வாசிக்க, பட்டான்செருவில் மருந்து ஆலையில் ஷிப்ட் பார்த்த இம்தியாஸ் டிரம்ஸ் அடிக்க, இன்னொரு பையன் பேஸ் கிதார். பேண்டின் பெயர் 'நக்கோ'. ஹைதராபாத் உருதுவில் வேண்டாம் என்று அர்த்தம். எது வேண்டாம் என்று கேட்டேன்.

"எல்லாமே அக்கா. சும்மா... நக்கோ!"

அவள் கொண்டுவந்த ஃபஸ் பெட்டி கரகரத்தது. சுரம் பாதியில் அறுந்து விழுந்தது. திறந்தால் ஒரு டிரான்ஸிஸ்டர் கசிந்துகொண்டிருந்தது, பேட்டரி சாகக் கிடந்தது. நான் புது டிரான்ஸிஸ்டர் போட்டு, புது பேட்டரி மாட்டி, இழைத்துக் கொடுத்தேன். திருகின் தலையில் நீலப் புள்ளியும் வைத்தேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் எனக்கு.

மறுநாளே திரும்பி வந்தாள். கண்ணில் தண்ணீர்.

"என்ன அக்கா பண்ணீங்க? சர்ச் ஆர்கன் மாதிரி வருது. கைக்கு அக்கா, எதுக்கு இத்தன நல்லா பண்ணீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷமாக அலைவடிவத்தில் ஒரு நெளிசல் இருந்தால் சிவப்புச் சீட்டு கட்டித் திருப்பி அனுப்புகிறவள் நான். ஒருத்தி வந்து, என் பழுதைத் திருப்பிக் கொடு என்கிறாள். அவள் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தாள். முழுக்கச் செத்த பேட்டரிகள். ரேடியோக்காரர்கள் தூக்கிப் போட்டதைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் பேனாவால் குறி போட்டு வைத்திருந்தாள். இது இருமும், இது திக்கும், இது மூச்சு வாங்கும் என்று காட்டினாள். பைத்தியமா என்று நினைத்தேன். வாசித்துக் காட்டியபோது வாயை மூடிக்கொண்டேன். இன்று நீங்கள் சாகிற பேட்டரி மாதிரி ஒலிக்க ஒரு திருகையே வைத்து விற்கிறீர்கள். அதைத் திருப்புகிறபோதெல்லாம் எனக்கு அந்த பிஸ்கட் டப்பாதான் ஞாபகம் வரும்.

பழைய டிரான்ஸிஸ்டரைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். என் புத்தி விடவில்லை. செத்த பேட்டரியை நம்பி ஒரு மேடையா? ஒரு எலிமினேட்டர் செய்தேன். சுவர் ப்ளக்கில் சொருகினால் பேட்டரிக்குப் பதிலாக மின்சாரம் தரும் பெட்டி. அதில் ஒரு திருகு வைத்து, பலவீனமான பேட்டரி போலவே நடிக்கவும் செய்தேன். உலோகப் பெட்டி, ஒழுங்கான எர்த், அழகான வயரிங். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் செய்ததில்லை. ஸ்டெல்லா வாசித்துப் பார்த்து, "பரவால்ல அக்கா, முக்கால்வாசி வருது" என்றாள். அந்தப் பிள்ளையிடமிருந்து அது பெரிய விருது.

ஆனால் ஒரு ஹம் வந்தது. ம்ம்ம் என்று அடியில் ஓர் உறுமல். காரணம் உங்களுக்குத் தெரியும். எலிமினேட்டருக்கு ஓர் எர்த், அவள் ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் எர்த், இரண்டும் கிதார் வயர் வழியாகக் கைகோத்துச் சுற்றிக்கொள்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் ஹம் நின்றுவிடும்.

ஸ்டெல்லாவுக்கு அந்த ஹம் ஒரு பொருட்டே இல்லை. "இருக்கட்டும் அக்கா, கரண்ட் இருக்குன்னு தெரியும்ல" என்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் வேலையில் ஹம்மா?

எந்த எர்த்தை எடுப்பது? எலிமினேட்டர் நான் செய்தது. அதில் கத்தரி வைக்க மனம் வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் யாரோ உள்ளூரில் செய்தது, மூன்றாம் கை மாறி வந்தது. அதன் ப்ளக்கைத் திறந்து, பச்சை வயரைக் கத்தரித்தேன். ஹம் பட்டென்று நின்றது. கணக்குப்படி தப்பில்லை, ஆம்ப்ளிஃபயருக்கு எலிமினேட்டர் வழியாக எர்த் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அந்த நிசப்தத்தைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு திருப்தி. ப்ளக்கின் உள்திருகில் நீலப் புள்ளி வைத்து மூடினேன்.

ஸ்டெல்லாவிடம், சத்தம் போய்விட்டது பார் என்றுதான் சொன்னேன். எப்படிப் போயிற்று என்று சொல்லவில்லை. எலிமினேட்டர் இல்லாமல் அந்த ஆம்ப்ளிஃபயரைத் தொடாதே என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

அடுத்த மாதம் திருமுல்கேரியில் ஒரு வாடகை ஹாலில் அவர்கள் கச்சேரி. ஞாயிறு மத்தியானம் மூன்று மணி. முப்பது வயதைத் தாண்டி அங்கே இருந்தது மூன்றே பேர். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்த ஹால் செக்ரட்டரி ஒருவர். ஸ்விட்ச் போர்டு அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வயர்மேன் யாதகிரி ஒருவர். மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் நான். யாதகிரி தினக்கூலிக்காரர். ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளில் வேலை பார்த்துப் பார்த்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். எனக்கு முன்பே தெரியும், எங்கள் வீட்டு ஃபேனையும் மாட்டியவர்.

மேடையில் ப்ளக் பாயிண்ட் மூன்று. மைக் செட்டுக்கு ஒன்று, பேஸ் ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, ஸ்டெல்லாவின் ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று. என் எலிமினேட்டருக்கு இடம் இல்லை. ஸ்டெல்லா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்து, திக்குகிற பேட்டரி ஒன்றை எடுத்துப் பெடலில் போட்டாள். நான் அப்போது வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மேடையிலே எத்தனை பாயிண்ட் இருக்கும் என்பதை என் மேசையில் உட்கார்ந்து நான் யோசித்ததே இல்லை.

கச்சேரி தொடங்கியது. முதல் பாட்டிலேயே ஹம். என் மேசையில் நிறுத்திவிட்டு வந்த அதே ம்ம்ம், இன்னும் பலமாக. உங்களிடம் மறைக்கமாட்டேன். எனக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. என் வேலையைக் கெடுத்துவிட்டார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த உறுமல் எனக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருக்கிறது. இருபது நிமிஷம் அதை அவமானமாகவே கேட்டேன்.

ஐந்தாவது பாட்டின் நடுவில் ஸ்டெல்லா இடது கையால் கிதார் தந்திகளை அழுத்திப் பிடித்தபடி, வலது கையால் மைக்கைப் பற்றி வாயோடு சேர்த்தாள். கத்தல் பாதியில் நின்றது. உடம்பு விறைத்து, தோள் உதற, தலை பின்னால் போனது. வாய் மைக்கைவிட்டு வரவில்லை.

கூட்டம் கைதட்டியது.

அதைச் சொல்ல வேண்டும் உங்களுக்கு. இருநூறு பேர் விசில் அடித்தார்கள். அந்தப் பாட்டுக்காரர்கள் துடிப்பதும் விழுவதும் வழக்கம்தானே, இதுவும் ஆட்டம் என்று நினைத்தார்கள். பேஸ் பையன் சிரித்துக்கொண்டே வாசித்தான். இம்தியாஸ் இன்னும் வேகமாக அடித்தான். ஒரு பெண் எல்லார் கண் முன்னாலும் செத்துக்கொண்டிருக்கிறாள், எல்லாரும் அவளைப் பாராட்டுகிறார்கள். அன்றைய கைதட்டல் இன்றும் என் காதில் இருக்கிறது. கல்யாண வீட்டில் யாராவது கை தட்டினால்கூட எழுந்து வெளியே போய்விடுவேன்.

எனக்குத் தெரிந்தது ஹம்மால்தான். அவள் உதடு மைக்கில் பட்ட கணத்தில் உறுமலின் சுரம் மாறியது. கணக்கு ஒரே நொடியில் தலைக்குள் ஓடி முடிந்தது. எலிமினேட்டர் இல்லை, எர்த் இல்லை, ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் கசிகிறது, தந்தியில் இருக்கிற கரண்ட் அவள் நெஞ்சு வழியாக மைக்குக்குப் போகிறது. எழுந்து மேடைக்கு ஓடினேன். ஓடுகிறபோதே அவளைத் தொட்டால் நானும் ஒட்டிக்கொள்வேன் என்பது நினைவு வந்தது. ஸ்விட்ச் போர்டுப் பக்கம் திரும்பி, என் உயிர் போகிற மாதிரி கத்தினேன்.

"யாதகிரி! மெயின்! மெயினை இழு!"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. பிடியை இழுத்தார். ஹாலின் ஃபேன்கள் நின்றன, சத்தமெல்லாம் அறுந்தது. ஸ்டெல்லா கிதாரோடு தரையில் விழுந்தாள்.

அப்போதும் பின்வரிசையில் ஒருவன் "ஒன்ஸ் மோர்" என்றான்.

மூச்சு இல்லை. உதட்டில் வெள்ளையாக ஒரு தீக்காயம். இம்தியாஸ் டிரம்மைத் தாண்டிக் குதித்து வந்தான். அவன் ஆலையில் மாதா மாதம் முதலுதவிப் பயிற்சி உண்டு, வாயு கசிந்தால் என்ன செய்வது என்று. அதைக் கேலி செய்துகொண்டே கற்றவன், அன்றைக்கு ஸ்டெல்லாவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து எண்ணி எண்ணி அழுத்தினான். நடுநடுவே வாயில் ஊதினான். "உட், ஸ்டெல்லா, எழுந்திரு, உட்" என்று அழுதுகொண்டே அழுத்தினான். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. அவள் ஒரு தடவை விக்கினாள். பிறகு இருமினாள். அந்த இருமல் சத்தத்தைப் போல ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது சாதாரண விபத்துக் கதை. நான் அடுத்துச் செய்ததுதான் இந்த ப்ளக்கை ஆணியில் மாட்ட வைத்தது.

எல்லாரும் அவளைச் சூழ்ந்திருந்தார்கள். நான் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் போனேன். கைப்பையில் எப்போதும் ஒரு கட்டர் இருக்கும். ப்ளக்கைப் பாயிண்டிலிருந்து உருவி, வயரோடு நறுக்கி, பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. எங்கள் தொழிற்சாலையில் வெளிவேலை செய்வது குற்றம், தெரிந்தால் சார்ஜ்‌ஷீட். அது ஒரு பயம். உள்ளே நீலப் புள்ளி இருக்கிறது. அது பெரிய பயம்.

செக்ரட்டரி மேடைக்கு வந்தார். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் நீண்டுகிடந்த வயரைக் கையில் எடுத்தார். முனையில் ப்ளக் இல்லை, வெறும் வயர்.

"பாருங்க! ப்ளக்கே இல்ல. வயரை அப்படியே ஓட்டையில சொருகி தீக்குச்சி வெச்சிருக்கான். ஏய் யாதகிரி, உன்னால ஒரு பொண்ணு சாகப் பாத்துச்சு!"

அந்தக் காலத்தில் ஊர் முழுக்க அப்படிச் சொருகுவார்கள், அதனால் எல்லாரும் நம்பினார்கள். யாதகிரி மேடையருகே வந்து நின்று, "இல்ல சார், நான் ப்ளக்கைத்தான் சொருகினேன், கருப்பு ப்ளக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். காலையில் போலீஸ் வரும், அதுவரை நகரக்கூடாது என்று செக்ரட்டரி அவரை ஹாலிலேயே உட்கார வைத்தார்.

நான் அங்கேயே நின்றிருந்தேன். ப்ளக் என் கைப்பையில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. ஸ்டெல்லாவை ஆட்டோவில் ஏற்றியபோது ஏதோ அவளுக்குத் துணையாகப் போகிறவள் போல ஏறி உட்கார்ந்துகொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். அதை நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு செய்தேன். என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த அதிர்ச்சி, மேடையில் கண்டதைவிடப் பெரியது.

திங்கள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபத்து நீங்கிவிட்டது என்றார்கள். உதட்டிலும் இடது கை விரல்களிலும் கட்டு. பேச முடியாது. இம்தியாஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"கோமதி ஆபா, அந்த வயர்மேன் ராத்திரி பூரா அங்கேயே இருக்கான். அவன் பீவி வந்து அழுதுட்டே உக்காந்திருக்கா. பதினோரு மணிக்குப் போலீஸாம்."

ஸ்டெல்லா வலது கையால் சைகை காட்டினாள். பேனா கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் எழுத வராது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள். ஒரு கேசட் அட்டையின் பின்பக்கத்தில் எழுத்து எழுத்தாகக் கோணலாக எழுதி நீட்டினாள்.

'நான் பழைய பேட்டரி போட்டதாலயா அக்கா?'

அவள் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் தப்பு, இல்லையென்றால் யாதகிரி தப்பு. என்னைத் தவிர எல்லார் மேலும் சந்தேகம். புள்ளி யாரு வெச்சதுன்னு கேட்டேன் என்ற குரல் மண்டைக்குள் கேட்டது. "இல்லடி கண்ணு, நான். நான்தான்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ப்ளக்கை எடுத்துக் காட்டி, பச்சை வயரை வெட்டியதைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆட்டோ பிடித்து ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. செக்ரட்டரி மேசையில் இருந்தார். யாதகிரி மேடைப் படியில். பக்கத்தில் அவர் மனைவி.

செக்ரட்டரியின் மேசையில் ப்ளக்கை வைத்தேன். திருப்புளியால் திறந்தேன். "இதுதான் அந்த ஆம்ப்ளிஃபயர் ப்ளக். யாதகிரி சரியாத்தான் சொருகினார். எர்த் வயரை வெட்டினது நான். இந்த நீலப் புள்ளி என்னுது. நேத்து இதை நறுக்கி ஒளிச்சதும் நான்தான்."

செக்ரட்டரி ப்ளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க படிச்சவங்கதானே அம்மா?" என்றார்.

யாதகிரி எழுந்து வந்தார். என்னைத் திட்டுவார், நல்லது என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. ப்ளக்கைக் கையில் எடுத்து, வெட்டுப்பட்ட வயரை விரலால் தொட்டுப் பார்த்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"நேத்து நீங்க கத்தினப்போ, எதுக்குன்னு கேக்காம இழுத்தேனே அம்மா."

நான் அங்கேயே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்தது எப்படி என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

பதினோரு மணிக்கு வந்த போலீஸிடமும், மறுநாள் எங்கள் இன்சார்ஜிடமும் எழுதிக் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்தார். இந்தத் தடவை கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினார். நீலச் சாயக் குப்பியை அவர் கையில் வைத்தேன். விசாரணை நடந்து, ஆறு மாதம் ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டி எண்ணினேன். வேலை போகவில்லை. போயிருந்தாலும் நியாயம்தான். விசாரணை முடிந்ததும் ப்ளக் மட்டும் என்னிடமே திரும்பி வந்தது.

ஸ்டெல்லா நாலு மாதம் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிறு காலை வாசலில் வந்து நின்றாள். உதட்டில் வெள்ளைத் தழும்பு. அடுத்த கச்சேரிக்கு யாதகிரிதான் வயர்மேன் என்று பேசி முடித்துவிட்டாளாம். ஆம்ப்ளிஃபயரை நான் சரி பார்க்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை.

"அவர் பக்கத்துல நிப்பார். நீங்க என்ன தொட்டாலும் அவருக்குச் சொல்லிட்டுத் தொடணும். எனக்கும் சொல்லணும். ஹம் இருந்தா இருக்கட்டும், நக்கோ, நிறுத்தாதீங்க."

அப்படியே செய்தேன். புது டிரான்ஸ்ஃபார்மர், புது ப்ளக், மூன்று வயரும் இறுக்கமாக. யாதகிரி டெஸ்ட் விளக்கை வைத்துத் தந்தியிலும் மைக்கிலும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அவள் மேடை ஏறினாள். மைக்கை முதலில் புறங்கையால் தொட்டாள். ஹாலில் ம்ம்ம் என்று ஹம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது உறுத்தவில்லை. அந்த வருஷத்துக்குப் பிறகு கோரஸ் பெடல் மோஸ்தர் வந்தது, எல்லாம் மினுமினுத்தது, ஃபஸ் பெட்டிகள் பரணுக்குப் போயின. இன்று திரும்பி வந்திருக்கின்றன. நாளை வேறு வரும். எது வந்தாலும் மிதிக்கிறது ஒரு மனிதக் கால், தந்தியைத் தொடுவது ஒரு மனிதக் கை.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். யாராவது ஹம் வருகிறது என்று பெடலைக் கொண்டுவந்தால் உங்கள் மானம் போனதாக நினைக்காதீர்கள், போய்ப் பாருங்கள். உள்ளே எதை மாற்றினாலும் உரியவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அவர்கள் எங்கே, எத்தனை பாயிண்ட் உள்ள மேடையில் வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லுங்கள், ஒரு ராத்திரி தள்ளினால் அந்த ராத்திரியை வேறு யாரோ படியில் உட்கார்ந்து கழிப்பார்கள்.

ஆணியில் தொங்கும் ப்ளக்கை எடுத்துத் திறந்து பார்க்கலாம், தடையில்லை. உள்திருகில் நீலம் இன்னும் உரியவில்லை. பச்சை வயர் வெட்டியபடியே இருக்கும். ஒழுங்கான கை உள்ளவர்களுக்கு உடனே அதை எடுத்து இணைத்துவிடத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. அதை மட்டும் ரிப்பேர் செய்துவிடாதீர்கள்.